பல்லா கிளை

மாற்றல் உத்தரவில் தில்லி என்றுதான் இருந்தது.
மெட்ரோ முடிந்து, பேருந்தும் முடிந்து,
ஷேர் ஆட்டோவில் யூரியா மூட்டையோடு
முழங்கால் இடிபட்டு இறங்கிய இடம் பல்லா.
பெயர்ப்பலகையின் இந்தியை எழுத்துக் கூட்டி
பள்ளம் என்று வாசித்தேன்.
பெரிய தப்பில்லை.

எனக்கு ஆறு என்றால் பாலாறு,
அதாவது லாரித்தடம்.
காட்பாடிப் பாலத்தில் பேருந்து திணறும்போது
எட்டிப் பார்த்தால் கீழே கிரிக்கெட் நடக்கும்.
நிஜமாகவே தண்ணீர் ஓடுகிற ஆற்றின் பக்கத்தில்
எப்படி நடந்துகொள்வது என்று
எனக்குத் தெரியாது.

கிளையில் நான்கு பேர், ஒரு ஏசி.
ஏசி மேனேஜருக்கு, பயிர்க்கடன் மேஜை எனக்கு.
முதல் விண்ணப்பம் சர்பதி தேவி,
காலஞ்சென்ற ரிசாலாவின் மனைவி,
நாலு பிகா, காலிஃபிளவர்.
நிலத்தைப் பார்க்கணும் என்றேன், விதிப்படி.
"பாரு. ஆனா இப்ப அது ஆத்துல இருக்கு" என்றாள்
சந்தைக்குப் போன பிள்ளையைச் சொல்வது போல.

கரைமேட்டில் ஏறி நின்றோம்.
பழுப்பாக, அவசரமில்லாமல்,
அகலமென்றால் அப்படியோர் அகலத்தில் யமுனை.
அரிவாள் நுனியால் காட்டினாள்:
"அதோ கொக்கு நிக்குதே, அதான் வடக்கு வரப்பு."
படிவத்தில் நான்கெல்லை என்றொரு கட்டம் உண்டு.
பேனாவைத் திறந்தேன்.
கொக்கு பறந்துவிட்டது.

பிறகு தெரிந்துகொண்டவை:
மேலே அணையில் திறந்துவிட்டால்
மூன்று நாளில் வந்து சேரும்.
முதல் நாள் சுரைக்காயைப் பிஞ்சோடு பறித்துவிடுவார்கள்,
இரண்டாம் நாள் மோட்டாரைக் கழற்றுவார்கள்,
மூன்றாம் நாள் எருமைகள் சாலையில் நிற்கும்,
எங்கள் ஏடிஎம்மை மறித்துக்கொண்டு.
நீல்காய் மனிதருக்குப் பயப்படாது, பழைய சேலைக்குப் பயப்படும்.
தண்ணீர் இங்கே இன்னும் தண்ணீராகத்தான் இருக்கிறது.
நகரத்துக்குள் போனபின் அதற்கு என்ன நேர்கிறது என்பதை
யாரும் பேசுவதில்லை,
பெண்ணைக் கொடுத்த இடத்தைப் பற்றிப் பேசாதது போல.

சில வருஷம் ஆறு புரண்டு படுக்கும்.
அப்போது சர்பதியின் நிலம்
லோனிப் பக்கம், உத்தரப்பிரதேசத்தில் விடியும்.
அங்குள்ளவன் உழுதுவிடுவான்.
கம்பு தூக்குவார்கள், பிறகு கயிறு போட்டு அளப்பார்கள்,
பிறகு ஒரே ஹூக்காவைச் சுற்றி உட்கார்வார்கள்.
இக்கரைக்கு அக்கரை பச்சை என்று எங்களில் சொல்வோம் என்று
என் ஓட்டை இந்தியில் பெயர்த்துச் சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை.
"ஆமா. அது என் பச்சை."

ஆய்வறிக்கையில் எந்தக் காலம் போடுவது?
நிலம் உள்ளது. நிலம் இருந்தது. நிலம் வரும்.
மேனேஜர் கோயல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"உள்ளது என்று எழுதுங்கள். இருபது வருஷமாக
அந்தம்மா தவணை தவறியதில்லை. தவறியதெல்லாம் நிலம்தான்."
ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
எண்பதாயிரம் போட்டோம்,
அளந்துதான்.

அக்டோபரில் போன். ஒரே சொல்.
"வந்துடுச்சு."
ஓடினேன்.
வண்டல், கறுப்பாய், இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டு.
அரை பிகா குறைவு.
பதிலுக்கு யாரோ ஒருவருடைய கட்டில்,
கயிறு அறுந்து, நான்கு காலும் சரியாக,
நடுவயலில் போட்டது போலக் கிடந்தது.
சர்பதி ஏற்கெனவே அதில் உட்கார்ந்து
நாற்றுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கிட்டே போக இரண்டு எட்டு வைத்தேன்.
இடது கால் முழங்கால்வரை இறங்கியது.
கால் வந்தது. செருப்பு வரவில்லை.
கையை விட்டுத் துழாவினேன்,
குளிர்ச்சிதான் அகப்பட்டது.

"விடு" என்றாள் கட்டிலிலிருந்து எழாமலே.
"அடுத்த வருஷம் லோனியில கிடைக்கும்.
போய் சண்டை போட்டு வாங்கிக்க."

ஒற்றைச் செருப்போடு கிளைக்குத் திரும்பினேன்.
வரிசையில் பதினோரு பேர்.
காலைப் பார்த்தார்கள்,
எவ்வளவு தூரம் வடிந்திருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள்.